முன் ஃபோர்க்கை நிமிர்த்த வேண்டாம், மாற்றுவோம்

(டிரஸ்ட் மண்டபத்தில் அஸர் தொழுகைக்குப் பின் நடந்த மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, ஃபித்ரா விநியோகம் இவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்று மேசை மேல் துணி விரித்து ஒரு சைக்கிள் ஃபோர்க்கை வைத்திருக்கிறோம். இரண்டு கால்களும் ஒரு பக்கம், மேலே போகிற தண்டு ஒரு பக்கம் என்று ஒடிந்து கிடக்கிறது. இது நம் டிரஸ்ட் கொடுத்த சைக்கிளின் ஃபோர்க். அதைச் சொல்லத்தான் முதலில் எழுந்தோம்.

தூரத்துத் தெருக்களிலிருந்து காலையில் மதரஸாவுக்கு ஓத வரும் பிள்ளைகளுக்கு, பழைய சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து கொடுத்து வருகிறோம். உங்களுக்குத் தெரியும். அப்படி வந்த ஒரு சைக்கிளின் முன் ஃபோர்க் எங்கோ மோதிப் பின்னால் வளைந்திருந்தது. புதிது போடலாமா, பழையதையே பெண்டு எடுக்கலாமா என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தது. ஃபோர்க்கைக் கழற்றி, இரும்புக் குழாய்க்குள் விட்டு நெம்பி நிமிர்த்திவிடலாம், செலவே இல்லை என்றார்கள். சரி என்றோம். மக்கள் கொடுத்த சதகா பணம், அது நம்மிடம் அமானத், வீணாக்கக் கூடாது என்றுதான் நினைத்தோம். சில நூறு ரூபாய் மிச்சமானது.

ஒரு மாதம் கழித்து, ஃபஜ்ருக்குப் பின் ஓத வந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளை ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஃபோர்க் ஒடிந்தது. பிரேக் பிடிக்கவோ காலை ஊன்றவோ அவகாசமே இல்லை. முகம்தான் முதலில் தரையில் பட்டது. முன்பற்கள் இரண்டு போயின, தாடையில் தையல். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது நலமாக இருக்கிறான். பின்னால் லாரி எதுவும் வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எங்களுக்கு உடம்பு நடுங்குகிறது.

பிள்ளையைப் பார்க்கப் போனோம். அவனுடைய அத்தா எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அல்லாஹ்வின் நாட்டம், நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று எங்களுக்கே ஆறுதல் சொன்னார். அவர் அப்படிச் சொல்லலாம், அது அவருடைய ஈமான். நாங்கள் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்கல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாங்கள் கட்டாமல் விட்டோம். பணம் அமானத் என்று கணக்குப் பார்த்தபோது, அந்தப் பிள்ளையின் உடம்பும் எங்களிடம் வந்த அமானத் என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

வைத்தியச் செலவை டிரஸ்ட் ஏற்றது. குழுவில் இனி ஃபோர்க்கைப் பெண்டு எடுப்பதில்லை என்று தீர்மானமும் போட்டோம். ஆனால் நம் தெருக்களில் ஓடுகிற சைக்கிள்களைப் பார்த்தபோது, தீர்மானம் மட்டும் போதாது என்று தெரிந்தது. போன வாரம் பள்ளிவாசல் வாசலில் நின்ற சைக்கிள்களை நாங்களே ஒரு சுற்றுப் பார்த்தோம். வளைந்த ஃபோர்க்கோடு ஓடுகிறவை ஒன்று இரண்டு அல்ல. அதனால்தான் இன்றைய பேச்சு.

ஏன் நிமிர்த்தக் கூடாது? கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்கள் கட்டுக்கம்பியை எப்படி ஒடிப்பார்கள்? இரும்பு வெட்டும் கத்தரி தேவையில்லை. இப்படி மடக்கி, அப்படி மடக்கி, நாலு தடவையில் ஒடித்துவிடுவார்கள். முதல் மடக்கில் ஒடியாது. ஆனால் முதல் மடக்கிலேயே கம்பி பலவீனமாகத் தொடங்கிவிடும். ஃபோர்க்கும் இரும்புக் குழாய்தான். மோதி வளைந்தது ஒரு மடக்கு, நெம்பி நிமிர்த்தியது இன்னொரு மடக்கு. அதன் பிறகு தண்டும் கால்களும் சேருகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும். பெயிண்டுக்கு அடியில் அது ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் வளரும். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சக்கரத்தில் கம்பிகளை இறுக்கித் தளர்த்தித்தான் சரிசெய்கிறார்கள், அதில் தப்பில்லை. ஃபோர்க்கில் அப்படி இறுக்க ஒன்றும் கிடையாது.

வளைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சைக்கிளைப் பக்கவாட்டில் நிறுத்திச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஹேண்டில் இறங்கும் ஹெட் பைப்பின் கோடு அப்படியே ஃபோர்க்கின் மேல் பாதியில் தொடர வேண்டும். நுனிக்குப் பக்கத்தில் முன்னால் வளைவது கம்பெனி வளைவு, அது இருக்கத்தான் வேண்டும். மேலேயே பின்பக்கமாக முறிந்த மாதிரி தெரிந்தால் அது மோதிய வளைவு. ஹேண்டிலைத் திருப்பும்போது செருப்பு நுனி முன் மட்கார்டில் இடிக்க ஆரம்பித்திருக்கிறதா? அதுவும் ஓர் அடையாளம். தண்டு சேருமிடத்தில் பெயிண்ட் சுருங்கியோ உரிந்தோ கோடு போட்டோ இருந்தால், அந்தச் சைக்கிளை அன்றோடு நிறுத்துங்கள். இன்னொன்றையும் தடவிப் பாருங்கள். ஹெட் பைப்புக்குப் பின்னால் வரும் பிரேம் குழாய்களின் அடிப்பக்கத்தில் மடிப்போ வீக்கமோ விரலுக்குத் தட்டுப்பட்டால் பிரேமே போய்விட்டது. அதற்குப் புது ஃபோர்க் போடுவது வீண்.

ஃபோர்க்கை மாற்றுகிற கையோடு அதைத் தாங்கும் ஹெட் செட்டையும் மாற்றிவிடுங்கள் என்பது எங்கள் யோசனை. சில கடைகளில் பால் ரேஸ் என்பார்கள், சிலர் கோன் செட் என்பார்கள். ஹெட் பைப்பின் மேலும் கீழும் ஒரு கிண்ணம், அதற்கேற்ற கோன், நடுவே குண்டுகள், மேலே லாக் நட். அவ்வளவுதான் அது. கீழ்க்கிண்ணம்தான் முதலில் கெடும். ரோட்டின் அடி முழுவதும் அங்கேதான் விழுகிறது, மழைத் தண்ணீரும் சக்கரம் வாரி அடிக்கும் மண்ணும் அங்கேதான் ஏறுகின்றன. நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம், அதனால் குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து இடித்து இடித்துக் குழி பறித்துவிடும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் 'டக்' என்று பிடித்தால் குழி விழுந்திருக்கிறது. ரமளானில் நோன்புக் கஞ்சித் தூக்குவாளியை ஒரு பக்க ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் பறக்கிறார்களே, அந்த நேரத்தில் ஹேண்டில் நடுவில் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கஞ்சியைப் பின் கேரியரில் கட்டச் சொல்லுங்கள்.

வேலையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் நம் ஜமாஅத்தின் மூத்த சைக்கிள் மெக்கானிக் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அல்லாஹ் அவருக்கு நற்கூலி தரட்டும். குழுவில் மூன்று பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இதே மண்டபத்தில் உட்கார்ந்து கற்றோம். முதல் சைக்கிளை நாங்கள் தப்பாகத்தான் செய்தோம். அதையும் சொல்கிறோம்.

தேவைப்படுவது இரண்டு ரிஞ்சு, ஒரு செட் ஸ்பேனர், சுத்தியல், ஒரு மரக்கட்டை, தட்டையான உளி, ஒரு நீளக் கம்பி, கிரீஸ், கந்தல் துணி. முதலில் கீழே ஒரு பழைய வெள்ளைத் துணியை விரியுங்கள். குண்டு உருண்டால் சிமெண்ட் தரையில் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

முன் சக்கரம், பிரேக் கம்பி, மட்கார்டு மூன்றையும் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், எந்த வாஷர் எங்கே இருந்தது என்று பிறகு தேட வேண்டாம். ஹேண்டிலின் நடுவில் மேலிருந்து ஒரு நீள போல்ட் இறங்குகிறது. அதை முழுதாகக் கழற்றக் கூடாது. நாலைந்து சுற்றுத் தளர்த்தி, தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டு. உள்ளே பிடித்திருக்கும் ஆப்பு விட்டுவிடும், ஹேண்டில் மேலே வந்துவிடும். துருப்பிடித்து வர மறுத்தால் கொஞ்சம் டீசல் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். பலத்தைக் காட்டி முறுக்கினால் பிரேம்தான் கெடும்.

அடுத்து லாக் நட், அதன் கீழ் வாஷர், அதன் கீழ் மேல் கோன். கோனைக் கழற்றும்போது ஃபோர்க்கை மற்றொரு கையால் தாங்கிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் ஃபோர்க்கும் குண்டுகளும் ஒன்றாகக் கொட்டும். மேலே எத்தனை குண்டு, கீழே எத்தனை என்று எண்ணித் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். புதியது வந்தாலும் இந்தக் கணக்கு உதவும்.

இப்போது கடைக்குப் போக வேண்டும். வெறுங்கையோடு போய் "28 சைக்கிளுக்கு ஒரு ஃபோர்க்" என்று கேட்காதீர்கள். பழைய ஃபோர்க், பழைய ஹெட் செட் இரண்டையும் பையில் எடுத்துப் போங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சக்கர அளவு ஒன்றாக இருக்க வேண்டும். தண்டின் நீளம், அதில் மரை எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது, பிரேக் மாட்டும் இடம், ஆக்சில் உட்காரும் வெட்டின் அகலம், எல்லாம் பார்க்க வேண்டும். பழைய லாக் நட்டைப் புதுத் தண்டில் கையால் சுற்றிப் பாருங்கள். கையால் ஓட வேண்டும். சிக்கினால் மரை வேறு, அதற்குரிய நட்டோடுதான் வாங்க வேண்டும். தண்டு இரண்டு நூல் நீளமாக இருந்தால் வாஷர் போட்டுச் சமாளிக்கலாம். குட்டையாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், லாக் நட்டுக்குப் பிடிப்பு இருக்காது. நம்முடைய சாதாரண சைக்கிள்களில் தண்டு பெரும்பாலும் 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். இப்போது பிள்ளைகள் கேட்கிற கியர் சைக்கிள்களில் பலவற்றில் 28.6 மில்லிமீட்டர், மரையே இல்லாத தண்டு. அது வேறு வகை. அதில் மேலே தெரியும் மூடி போல்ட், ஹேண்டிலைப் பிடிப்பதற்கானது அல்ல. குண்டுகளின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும்தான். ஹேண்டிலைப் பிடிப்பது பக்கத்து போல்ட்டுகள். மேல் போல்ட்டை எவ்வளவு இறுக்கியும் ஹேண்டில் ஆடுகிறதே என்று ஒரு தம்பி வந்தார், அதனால் சொல்கிறோம்.

பழைய கிண்ணங்களை எடுக்க, ஹெட் பைப்பின் எதிர்ப்பக்கத்திலிருந்து நீளக் கம்பியை விட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் கோணலாகிப் பைப்பின் வாயைக் கிழித்துவிடும். பைப்பின் உட்புறத்தைத் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவிப் புதுக் கிண்ணத்தை ஏற்றுங்கள். சுத்தியலை விட நல்ல வழி ஒன்று உண்டு. நீளமான போல்ட்டைப் பைப்பின் வழியே விட்டு, இரு பக்கமும் கனமான வாஷர் வைத்து நட்டை மெல்ல முறுக்கினால் கிண்ணம் நேராக உள்ளே போகும். ஒன்றை ஏற்றிய பிறகு மற்றொன்று. கிண்ணம் விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறதென்றால் பைப்பின் வாய் அகன்றுவிட்டது. தகரத்தை வெட்டிச் சுற்றித் திணிக்கிற வேலை வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

கீழ்க் கோன் ஃபோர்க்கின் தண்டில் அடிவரை உட்கார வேண்டும். தண்டு நுழைகிற அளவுள்ள இரும்புக் குழாய் ஒன்றை மேலிருந்து விட்டுத் தட்டுங்கள். முதலில் 'டொக் டொக்' என்று கேட்கும். அடியில் உட்கார்ந்ததும் சத்தம் 'டங்' என்று மாறும். அந்தச் சத்தம்தான் அளவு.

பிறகு கிரீஸ். தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. எண்ணெய் வழிந்துவிடும், போகிற போக்கில் தூசியையும் சேர்த்துக்கொள்ளும். கிண்ணம் நிறையக் கிரீஸ் அப்பி, குண்டுகளை அதில் பதியுங்கள். சுற்றி முழுக்க நிரப்பிவிட்டு ஒன்றைக் குறைத்துவிட வேண்டும், உருள இடம் வேண்டுமல்லவா? வளையத்தோடு வரும் குண்டுகளாக இருந்தால் அதற்கு ஒரு திசை உண்டு. எங்கள் முதல் தப்பு இதுதான். வளையத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, ஹேண்டில் திருகுகல் மாதிரி கரகரக்கிறதே என்று முழித்தோம். மெக்கானிக் பெரியவர் சிரித்துவிட்டு, கழற்றித் திருப்பிப் போடச் சொன்னார். கோனை வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள், சரியான பக்கத்தில் வெண்ணெய் மாதிரி ஓடும்.

பிரேமைத் தலைகீழாக வைத்தால் கீழ்க்கிண்ணத்தில் குண்டு பதிப்பது சுலபம். ஃபோர்க்கை நுழைத்து, அழுத்திப் பிடித்தபடியே பிரேமை நிமிர்த்தி, மேல் குண்டுகளை வைத்து, மேல் கோனைக் கையாலேயே சுற்றி இறக்குங்கள். ஆட்டம் நிற்க வேண்டும், ஆனால் திருப்புவதற்கு இறுக்கமாக இருக்கக் கூடாது. அந்த இடம் வந்ததும் வாஷர், லாக் நட். நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே சுற்றி இறுகிவிடும். அதற்குத்தான் இரண்டு ரிஞ்சு. ஒன்று கோனைப் பிடிக்க, ஒன்று நட்டை முறுக்க. எங்களுக்கு இது மூன்றாவது தடவையில்தான் சரியாக வந்தது. உங்களுக்கும் முதல் தடவை வராது, பொறுமையாக இருங்கள்.

ஹேண்டிலை இறக்கும்போது அதன் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று ஹேண்டிலை உயர்த்திக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டிவிடுகிறோம். உயரம் போதாவிட்டால் பெரிய சைக்கிள் தேடுவோம், டிரஸ்டில் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

எல்லாம் மாட்டியபின் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்து, கீழ்க்கிண்ணத்தில் விரல் வைத்துப் பாருங்கள். 'டுக் டுக்' என்றால் தளர்வு. முன் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தானே ஒரு பக்கம் சாய வேண்டும், சாயாமல் நின்றால் இறுக்கம். சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், வழுக்கினால் நடு போல்ட்டை இன்னும் முறுக்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா, சக்கரத்தின் இரு நட்டும் இறுக்கமா? பிறகுதான் தெருவில், ஆளில்லாத இடத்தில், மெதுவாக. பிள்ளையை ஏற்றாதீர்கள், பெரியவர்கள் முதலில் ஓட்டுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஆட்டம் பாருங்கள், புதுக் கிண்ணங்கள் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இது ஆண்கள் வேலை என்று விட்டுவிடாதீர்கள். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கிற சைக்கிளில்தான் நம் பெண்பிள்ளைகள் பலர் பள்ளிக்குப் போகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள், அன்று கேலி பேசியவர்களும் உண்டு. அத்தா வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில், சைக்கிளின் ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று பார்க்க உம்மாவை விட்டால் யார் இருக்கிறார்கள்? நாங்கள் காட்டிய அந்தப் பார்வைக்கு ஸ்பேனர் கூடத் தேவையில்லை. மாற்றுகிற வேலையையும் கற்க விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை காலை பெண்களுக்குத் தனியாக ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

ஒரு முழு செட் கருவிகளை டிரஸ்ட் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வந்து பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், மூன்று நாளில் திருப்பித் தாருங்கள். வாடகை, முன்பணம் எதுவும் கிடையாது. கிண்ணம் ஏற்றும் நீள போல்ட்டும், கோன் தட்டும் குழாயும் அதில் இருக்கின்றன. ஃபோர்க் வாங்க வசதியில்லாத வீடுகள் கூச்சப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை, தனியாகச் சொன்னால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. கழற்றிய பழைய ஃபோர்க்கை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் கிடந்தால் யாராவது பெண்டு எடுத்து இன்னொரு சைக்கிளில் மாட்டிவிடுவார்கள். இங்கே வாங்கியதும் ஆக்ஸா பிளேடால் தண்டை அறுத்து, பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறோம். மேசை மேல் இருக்கிற இதை மட்டும் போட மாட்டோம். இது குழு கூடும் அறையிலேயே இருக்கும்.